ஃபைவ் ஸ்டார் பையன்களுக்காகக் கல்லூரிகள் அடித்துக்கொள்வதில் அர்த்தம் உண்டா?

கேள்வி இதுதான்: "அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், ஹைஸ்கூல் முடிக்கும் பையன்களுக்கு நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். ஐந்து நட்சத்திரம் வாங்கியவனுக்காகப் பெரிய பெரிய பயிற்சியாளர்கள் அவன் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். இப்போது லட்சக்கணக்கான டாலரும் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்களில் எத்தனையோ பேர் காணாமல் போகிறார்கள். யாரும் சீந்தாத பையன்கள் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் கொடி நாட்டுகிறார்கள். அப்படியென்றால் இந்த ஃபைவ் ஸ்டார் மோகம் வீண்தானே?"

வீண் இல்லை. ஒரு பையனை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது சூதாட்டம் மாதிரிதான் தெரியும். நாலு வருடத்தில் அப்படி நாற்பது, ஐம்பது பேரைச் சேர்த்துவிட்டால் அதில் சூதாட்டத்தின் பங்கு ரொம்பவே குறைந்துவிடும். கல்லூரிகள் இதைத் தெரிந்துதான் அடித்துக்கொள்கின்றன. நமக்குச் செய்தியில் வருவதோ எப்போதும் தனி ஆளின் கதை. அதனால்தான் இந்தச் சந்தேகம் தீராமல் இருக்கிறது.

2025 ஏப்ரலில் கிரீன் பே நகரில் நடந்த என்.எஃப்.எல். டிராஃப்டை, அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாகப் போனவர் கேம் வார்ட் என்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிற ஆள். ஹைஸ்கூலில் இருந்தபோது அவருக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. டெக்சஸில் வெஸ்ட் கொலம்பியா என்ற சிறிய ஊர். அவருடைய பள்ளி பந்தை எறிவதைவிடக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதையே நம்பிய பள்ளி. எறியவே வாய்ப்பில்லாத குவார்ட்டர்பேக்கை எந்த வீடியோவைப் பார்த்து மதிப்பிடுவது? இன்கார்னேட் வேர்ட் என்ற சின்னக் கல்லூரி மட்டும் இடம் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், அப்புறம் மயாமி, அப்புறம் டிராஃப்டில் முதலிடம்.

அடுத்து, இரண்டாவதாகப் போனவர் டிராவிஸ் ஹண்டர். 2022-இல் ஹைஸ்கூல் முடித்துக் கல்லூரியில் சேர்ந்த பேட்சில் நாட்டிலேயே முதலிடம் என்று பேசப்பட்ட பையன். அதே டிராஃப்டின் கடைசிச் சுற்றில், 231-ஆவது ஆளாகப் போனவர் குவின் யூவர்ஸ். இவருக்கு ஹைஸ்கூலில் கொடுத்தது முழு மதிப்பெண். வரலாற்றிலேயே அப்படி வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

பூஜ்யம் வாங்கியவர் முதலிடம், முதலிடம் வாங்கியவர் இரண்டாமிடம், முழு மதிப்பெண் வாங்கியவர் கடைசிச் சுற்று. இதைப் பார்க்கிற யாருக்கும் நட்சத்திரம் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை என்றுதான் தோன்றும். அங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது.

அமெரிக்காவில் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் சுமார் 10 லட்சம் பேர். மேல்மட்டக் கல்லூரி அணிகள் 130-க்கு மேல். ஒவ்வொன்றும் வருடத்துக்கு 20, 25 பையன்களை எடுத்தால், தோராயமாக 3,000 பேர். இதில் ஃபைவ் ஸ்டார் வாங்குகிறவர்கள் சுமார் 30 பேர்தான். 247ஸ்போர்ட்ஸ் என்ற தளம் 32 பேருக்குத்தான் கொடுக்கும். டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடம், அதனால் இங்கேயும் 32. அதாவது, "மூன்று நாலு வருடம் கழித்து முதல் சுற்றில் போகக்கூடியவன்" என்பதுதான் ஐந்து நட்சத்திரத்துக்கு அவர்கள் கொடுக்கும் பொருள். நாலு நட்சத்திரம் சில நூறு பேருக்குக் கிடைக்கும். மற்ற எல்லாரும் மூன்றும் அதற்குக் கீழும்.

இப்போது ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு முதல் சுற்றில் 10 பேர் ஃபைவ் ஸ்டார், மிச்சம் 22 பேர் மற்றவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைவ் ஸ்டார் வாங்காதவர்கள்" என்று தலைப்புப் போடலாம், பொய்யில்லை. ஆனால் 30 ஃபைவ் ஸ்டார்களில் 10 பேர் என்றால் மூன்றில் ஒருவர். மற்ற 3,000 பேரில் 22 பேர் என்றால் ஏறக்குறைய 135 பேரில் ஒருவர். நீங்கள் பயிற்சியாளராக இருந்தால் எந்தக் கூட்டத்திலிருந்து ஆள் எடுப்பீர்கள்? யாரும் சீந்தாமல் வந்து ஜெயித்தவர்கள் நிறையப் பேர் இருப்பதற்குக் காரணம், சீந்தப்படாதவர்களின் கூட்டம் அவ்வளவு பெரியது என்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மதிப்பீட்டை யாரோ நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து இஷ்டத்துக்குப் போடுவதில்லை. வீடியோ பார்க்கிறார்கள், முகாம்களில் உயரம், எடை, கை நீளம் அளக்கிறார்கள், ஓடவிட்டு நேரம் பார்க்கிறார்கள். அதோடு எந்தெந்தக் கல்லூரி ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்பதையும் கவனிக்கிறார்கள். அலபாமா, ஜார்ஜியா, ஓஹாயோ ஸ்டேட் மூன்றும் ஒரே பையனைத் துரத்தினால் அவன் மதிப்பு ஏறும். "பெரிய கல்லூரி கேட்டதால் நட்சத்திரம் ஏற்றிவிட்டார்கள்" என்று இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதைப் பலமாகவே பார்க்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு இரவுபகலாக இதையே செய்கிற பயிற்சியாளர்களின் தீர்ப்பும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்?

சரி, அணி மட்டத்துக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை முழுப் பதிலும் அங்கேதான் இருக்கிறது.

பட் எலியட் என்ற எழுத்தாளர் பல வருடங்களாக 'புளூ-சிப் விகிதம்' என்ற ஒன்றைக் கணக்கிட்டு வருகிறார். கடைசி நாலு வருடத்தில் சேர்த்த பையன்களில் நாலு, ஐந்து நட்சத்திரம் வாங்கியவர்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களா என்று மட்டும் பார்ப்பார். வேறு எதையும் சேர்க்கமாட்டார். நாட்டில் இந்தக் கோட்டைத் தாண்டும் அணிகள் ஒரு வருடத்தில் சுமார் 15, 16 தான் தேறும். தேசிய சாம்பியன் பட்டம் வருடத்துக்கு வருடம் இந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. 2016-இல் கிளெம்சன், 2023-இல் மிச்சிகன் எல்லாம் பாதியை மயிரிழையில் தாண்டியவர்கள்தான், ஆனாலும் தாண்டியிருந்தார்கள். 2025 சீசன் வரை இதற்கு விலக்கு இல்லை. அந்த ஒரு விலக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது முக்கியமானது.

கோட்டுக்குக் கீழே இருக்கிற அணி நன்றாக ஆடவே முடியாதா என்றால், முடியும். அதற்கு ஒரு உச்சவரம்பு இருந்தது, அவ்வளவுதான். 2022 சீசனில் டெக்சஸின் டி.சி.யு. பல்கலைக்கழக அணி அற்புதமாக ஆடியது. அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று வீழ்த்தியது. இறுதிப் போட்டியில் எதிரே ஜார்ஜியா. இடைவேளைக்குள் 38-7, முடிவில் 65-7. அந்த ஆட்டத்தில் டி.சி.யு. பையன்கள் செய்த தப்புகள் மட்டுமே தோல்விக்குக் காரணம் என்று சொல்லமுடியாது. ஒவ்வொரு முறையும் எதிரே நின்றவன் அவர்களைவிடப் பெரியவனாகவும் வேகமானவனாகவும் இருந்தான். 2015-இல் மிச்சிகன் ஸ்டேட் அலபாமாவிடம் 38-0 என்று தோற்றதும், 2021-இல் சின்சினாட்டி அதே அலபாமாவிடம் 27-6 என்று தோற்றதும் இதே கதைதான். நல்ல பயிற்சி, நல்ல கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு அணியை அந்த மேடை வரை கொண்டுவந்துவிடும். மேடையில் சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும்.

ஆழம் என்றால் என்ன என்பதை ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமானால் 2018 ஜனவரி 8, அட்லாண்டா. அலபாமாவும் ஜார்ஜியாவும் இறுதிப் போட்டியில். இடைவேளையில் அலபாமா 13-0 என்று பின்தங்கியிருந்தது. அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் தன் முதல்நிலை குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டுப் பையன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். மூன்றாவது கால்பகுதியில் இடது டாக்கில் ஜோனா வில்லியம்ஸ் அடிபட்டு வெளியே போனார். குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காக்கிற இடம் அது. அங்கே வந்து நின்றவர் அலெக்ஸ் லெதர்வுட், அவரும் முதலாண்டு, ஃபைவ் ஸ்டார். பின்னால் பந்தை வாங்கி ஓடியவர் நாஜி ஹாரிஸ், அவரும் முதலாண்டு, ஃபைவ் ஸ்டார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. டுவா 16 கஜம் பின்னால் தள்ளி வீழ்த்தப்பட்டார். ஒரு அணிக்குக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் (டவுன்) இது இரண்டாவது, மறுபடி நாலு முயற்சி கிடைக்க 26 கஜம் வேண்டும். அடுத்த பந்திலேயே 41 கஜத்துக்கு எறிந்தார். பிடித்தவர் டிவாண்டா ஸ்மித், அவரும் முதலாண்டு. 26-23, பட்டம் அலபாமாவுக்கு.

வேறு எந்த அணியாக இருந்தாலும் குவார்ட்டர்பேக்கை மாற்றி, இடது டாக்கிலும் போய்விட்டால் அதோடு கதை முடிந்தது. அலபாமாவின் கதை அதோடு முடியாமல் போனதற்குக் காரணம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் நாடே துரத்திய பையன்கள். அந்த 2017 பேட்சில் வந்த டுவா, ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், ஜெட்ரிக் வில்ஸ், டிவாண்டா ஸ்மித், லெதர்வுட், நாஜி ஹாரிஸ், மேக் ஜோன்ஸ் எல்லாரும் பிற்பாடு டிராஃப்டின் முதல் சுற்றில் போனார்கள். இதில் மேக் ஜோன்ஸ் மட்டும் மற்றவர்களைவிட ரொம்பக் கீழே மதிப்பிடப்பட்டவர். 2020-இல் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக் அவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜார்ஜியாவின் கதையும் இதையேதான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. 2021, 2022 இரண்டு வருடமும் பட்டம் வென்ற அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னெட், ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாக வந்து சேர்ந்த 'வாக்-ஆன்'. நட்சத்திரம் எல்லாம் சும்மா என்று வாதாடுகிறவர்களுக்கு அவர்தான் பிடித்தமான சாட்சி. ஆனால் எதிரணியிடமிருந்து பந்தைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தவர்கள் யார்? 2022 டிராஃப்டில் அந்த ஜார்ஜியா அணியிலிருந்து 15 பேர் போனார்கள். ஏழு சுற்று முறை வந்த பிறகு ஒரே கல்லூரிக்கு அதுதான் சாதனை. தற்காப்பிலிருந்து மட்டும் ஐந்து பேர் முதல் சுற்றில், அதில் டிரவான் வாக்கர் நாட்டிலேயே முதலாவது ஆள். அப்படி ஒரு தற்காப்பு இருந்ததால்தான் நிதானமாக, தப்புச் செய்யாமல் ஆடத் தெரிந்த ஒரு வாக்-ஆனால் பட்டம் வெல்ல முடிந்தது. பென்னெட்டின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த 65-7 ஆட்டத்தில் ஆறு டச்டவுனுக்குக் காரணம் அவர்தான். ஆனாலும் சாதாரண மதிப்பீட்டில் வந்த ஒருவர் ஜொலிக்க, சுற்றிலும் உச்ச மதிப்பீட்டுக்காரர்கள் நிற்கவேண்டியிருந்தது. அதே தற்காப்பின் நடுவில் மலைபோல நின்ற ஜோர்டன் டேவிஸும் மூன்று நட்சத்திரம் வாங்கியவர்தான். ஆக, நல்ல பயிற்சியாளர் மேலிருந்து அள்ளுவார், கீழேயும் தேடுவார்.

இப்போது எதிர்வாதம். இதை விட்டுவிட்டுப் பேசினால் நேர்மையாக இருக்காது.

டெக்சஸ் ஏ அண்ட் எம், 2022 பேட்ச். மதிப்பீடு என்று ஒன்று ஆரம்பித்த பிறகு வந்ததிலேயே உச்ச புள்ளி வாங்கிய கூட்டம் அது. எட்டு ஃபைவ் ஸ்டார்கள். ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில்தான் வந்திருந்தது. அதனால் பணத்தால் வாங்கிய பேட்ச் என்று பேச்சு கிளம்பியது. சேபனே 2022 மே மாதம் மேடையில் அப்படிச் சொல்ல, ஏ அண்ட் எம் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் மறுநாளே நிருபர்களைக் கூட்டி அவரைக் கிழித்தெடுத்தார். இவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு செப்டம்பர் 10-ஆம் தேதி, சொந்த மைதானமான கைல் ஃபீல்டில், வட கரோலினா மலைப்பக்கத்திலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட் அவர்களை 17-14 என்று தோற்கடித்தது. அன்று அப்பலாச்சியன் ஸ்டேட் 82 முறை பந்தை ஆடியது, ஏ அண்ட் எம் வெறும் 38 முறை. 60 நிமிட ஆட்டத்தில் 41 நிமிடத்துக்கு மேல் பந்து விருந்தாளிகளிடம். சீசன் முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி. அடுத்த வருடம் நவம்பரில் ஃபிஷரை அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 7 கோடி டாலருக்கும் மேல்.

இதில் பையன்கள்மேல் பழி போட்டது எனக்குப் பெரிய வருத்தம். "ஃபைவ் ஸ்டார் தோல்விகள்" என்று அவர்களைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். அவர்களுக்கு அப்போது 18, 19 வயது. அதே பேட்சில் வந்த வால்டர் நோலனும் ஷெமார் ஸ்டூவர்ட்டும் 2025 டிராஃப்டில் 16-ஆவது, 17-ஆவது ஆளாக அடுத்தடுத்துப் போனார்கள். நோலன் அதற்குள் ஓலே மிஸ் கல்லூரிக்கு மாறியிருந்தார். இன்னும் பலர் அலபாமா, ஆரிகன், எல்.எஸ்.யு. என்று போய்விட்டார்கள். பையன்களிடம் திறமை இருந்தது. அந்த அணியில் குவார்ட்டர்பேக் இடம் உறுதியாகவே இல்லை. தாக்குதல் திட்டம் பழசு. புது ஆட்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய மூன்றாம், நாலாம் ஆண்டு ஆட்டக்காரர்களின் வரிசை வலுவாக இல்லை. ஒரே ஒரு பிரமாதமான பேட்ச் வந்தால் அடுத்த வருடமே பட்டம் வரும் என்று எதிர்பார்த்ததுதான் தப்பு. சேபனின் அலபாமா அப்படி நம்பியே இல்லை, ஏழு வருடம் தொடர்ந்து நாட்டின் முதலிடப் பேட்ச் எடுத்தது. ஒரு பேட்ச் தேறாவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் தாங்கினார்கள்.

தனி ஆளாகப் பார்த்தால் ஏமாற்றங்கள் உண்மைதான். 2009-இல் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பிரைஸ் பிரவுன் டென்னஸியில் ஒரு வருடம் மாற்று ஆளாக ஓடினார், கான்சஸ் ஸ்டேட்டுக்கு மாறி அங்கே ஏறக்குறைய ஆடவே இல்லை. 2010-இன் ரொனால்ட் பவல் ஃப்ளோரிடாவில் முழங்காலால் அவதிப்பட்டார். 2012-இன் டோரியல் கிரீன்-பெக்கம் ஆட்டத்துக்கு வெளியே நடந்த விவகாரங்களால் மிசூரியிலிருந்து நீக்கப்பட்டார். காயமும் குடும்பச் சூழலும் 17 வயதுப் பையனின் மனமும் எந்த வீடியோவிலும் தெரியாது.

ஆனால் 2010-க்கும் 2012-க்கும் நடுவில், 2011-இல் முதலிடத்தில் இருந்தவர் ஜடேவியன் கிளவ்னி. அவரை நினைத்தால் இந்தக் கேள்விக்கே வேறு வெளிச்சம் கிடைக்கும். தென் கரோலினாவில் ராக் ஹில் என்ற ஊர்ப் பையன். எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம், சொந்த மாநிலக் கல்லூரியிலேயே சேர்ந்தார். அவருக்கு முந்தைய இரண்டு வருடங்களில் அதே மாநிலத்துப் பையன்களான ஸ்டெஃபன் கில்மோர், ஆல்ஷான் ஜெஃப்ரி, மார்கஸ் லாட்டிமோர் ஆகியோரும் அங்கே சேர்ந்திருந்தார்கள். தென் கரோலினா பல்கலைக்கழக அணி அதுவரை தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், 1984-இல், 10 ஆட்டங்களை வென்றிருந்தது. 2011, 2012, 2013 மூன்று வருடமும் தலா 11 வெற்றி, 2 தோல்வி. சின்ன வரலாறுள்ள அணிக்கு உச்ச மதிப்பீட்டுப் பையன்கள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அவர்கள் போன பிறகு அணி பழைய நிலைக்குத் திரும்பியதும் அதன் தொடர்ச்சிதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கல்லூரிக்கு ஒரு பையன் பயன்பட்டானா என்பதை அவன் என்.எஃப்.எல்.-இல் என்ன ஆனான் என்பதை வைத்து அளப்பது சரியில்லை. டிம் டீபோ என்.எஃப்.எல்.-இல் நிலைக்கவில்லை, ஆனால் ஃப்ளோரிடா வென்ற இரண்டு தேசியப் பட்டங்களில் பங்கு, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் விருது ஒன்று. குவின் யூவர்ஸைக் கடைசிச் சுற்றில் எடுத்தார்கள் என்று மேலே சொன்னேன். அதே யூவர்ஸ் வருவதற்கு முந்தைய வருடம் டெக்சஸ் 5 வெற்றி, 7 தோல்வி. அவர் தலைமையில் 2023, 2024 இரண்டு வருடமும் அரையிறுதிக்குப் போனது. டெக்சஸ் ரசிகரிடம் போய் யூவர்ஸ் தோல்வி என்று சொல்லிப் பாருங்கள்.

எல்லா இடத்துக்கும் நட்சத்திரம் ஒரே அளவு நம்பகமானது என்றும் நினைக்கவேண்டாம். தற்காப்பு வரிசையில் நிற்கிறவன், விளிம்பிலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிறவன், ஓட்டக்காரன், பந்து பிடிக்கிறவன் இவர்களைப் பற்றிய மதிப்பீடு பெரும்பாலும் பலிக்கிறது. 17 வயதிலேயே 130 கிலோ எடையோடு சிறுத்தை மாதிரி பாய்கிற உடம்பு எங்கேயும் ஒளிந்திருக்க முடியாது. அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்கவும் முடியாது. தாக்குதல் வரிசை ஆட்கள் அப்படி இல்லை. அவர்கள் உடம்பு 20, 21 வயதில்தான் நிறைகிறது. லேன் ஜான்சன் ஹைஸ்கூலில் குவார்ட்டர்பேக், ஜூனியர் கல்லூரியிலும் குவார்ட்டர்பேக்தான். ஓக்லஹோமாவில் ஒவ்வொரு இடமாக மாறி டாக்கில் ஆகி, 2013 டிராஃப்டில் நாலாவது ஆளாகப் போனார். ஜேசன் கெல்சி சின்சினாட்டியில் வாக்-ஆனாகச் சேர்ந்தபோது பந்து வாங்கி ஓடுகிறவர். ஐயோவா, விஸ்கான்சின் மாதிரி அணிகள் இவ்வளவு காலம் தலை நிமிர்ந்து நிற்பது இந்த ஒரு இடத்தில் பொறுமையாக ஆள் வளர்க்கத் தெரிந்ததால்தான்.

குவார்ட்டர்பேக் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கை பலத்தை அளக்கலாம், எதிரே நாலு பேர் பாய்ந்துவரும்போது இரண்டு விநாடியில் எடுக்கிற முடிவை அளக்க முடியாது. போதாததற்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். அதனால் நல்லவர்களும் பெஞ்சில் காத்திருந்து, பிறகு இடம் மாறுகிறார்கள். ஹைஸ்மன் விருது வாங்கிய குவார்ட்டர்பேக்குகளில் இவர்களைப் பாருங்கள்: 2017 பேக்கர் மேஃபீல்ட், 2018 கைலர் மரே, 2019 ஜோ பரோ, 2022 கேலப் வில்லியம்ஸ், 2023 ஜேடன் டேனியல்ஸ், 2025 ஃபெர்னாண்டோ மெண்டோசா. இத்தனை பேரும் முதலில் சேர்ந்த கல்லூரியை விட்டு மாறி வந்தவர்கள். இவர்களில் மரேயும் வில்லியம்ஸும் ஃபைவ் ஸ்டார், மேஃபீல்ட் வாக்-ஆன்.

மெண்டோசாவின் பெயர் வந்துவிட்டதால், நான் முன்னால் தள்ளிவைத்த விலக்குக்கு வருகிறேன். இண்டியானா. மேல்மட்டக் கல்லூரிகளிலேயே மிக அதிகத் தோல்விகளைச் சுமந்துகொண்டிருந்த அணிகளில் ஒன்று. 2023 கடைசியில் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சியாளராக வந்தார். வரும்போது அங்கே தான் பழக்கியிருந்த ஆட்டக்காரர்களில் பத்துப் பேருக்கு மேல் கூடவே அழைத்துவந்தார். 2024-இல் 11 வெற்றி. 2025-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மெண்டோசா வந்து சேர்ந்தார், முதலில் யேல் கல்லூரிக்குப் போவதாக இருந்த, பெரிய மதிப்பீடு எதுவும் இல்லாத பையன். அந்த சீசனில் இண்டியானா ஓஹாயோ ஸ்டேட்டை 13-10, அலபாமாவை 38-3, ஆரிகனை 56-22 என்று வென்று, 2026 ஜனவரி 19 இறுதிப் போட்டியில் மயாமியை 27-21 என்று வீழ்த்தியது. 16 ஆட்டம், 16 வெற்றி. நாலு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் அந்த அணியில் சொற்பம்.

இதைப் பார்த்து நட்சத்திரக் காலம் முடிந்தது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஆட்டக்காரர்களை எடுக்க ஹைஸ்கூல் ஒன்றுதான் பெரிய வழி. அதனால் எல்லாக் கல்லூரிகளும் 17 வயதுப் பையனின் எதிர்காலத்தை ஊகித்தே ஆகவேண்டும். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது. 2021-இலிருந்து ஒரு வருடம் உட்காராமலேயே உடனே மாறி ஆடலாம் என்றானது. இப்போது 22 வயதில், கல்லூரி ஆட்டத்தில் இரண்டு வருடம் ஆடிக் காட்டிய ஆளையே எடுக்கலாம். ஊகத்துக்குப் பதில் சான்று. சிக்னெட்டி அதைத்தான் யாரையும்விட நன்றாகச் செய்தார். அவரே சேபனிடம் அலபாமாவில் ஆள் சேர்ப்புப் பொறுப்பில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு ஆட்டக்காரனிடம் எதைப் பார்க்கவேண்டும் என்பது அவருக்குப் புதிதில்லை.

அதே சமயம் இதற்கு ஒரு வருடம் முன்னால் பட்டம் வென்ற ஓஹாயோ ஸ்டேட்டையும் பாருங்கள். 2025 ஜனவரி 20, இறுதிப் போட்டி. நோட்ர டேம் விரட்டி விரட்டி 31-23 வரை நெருங்கிவிட்டது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லை, மூன்றாவது டவுன், 11 கஜம் வேண்டும். கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து மாறி வந்திருந்த, ஹைஸ்கூலில் மூன்று நட்சத்திரம் வாங்கிய வில் ஹோவர்ட், 56 கஜத்துக்குப் பந்தை வீசினார். ஓடிப்போய்ப் பிடித்தவர் ஜெரமையா ஸ்மித். 2024 பேட்சின் முதலிடப் பையன், அப்போதுதான் முதலாண்டு. ஆட்டம் அதோடு முடிந்தது. மாறி வந்த குவார்ட்டர்பேக், ஹைஸ்கூலிலிருந்து நேராக வந்த ஃபைவ் ஸ்டார், இரண்டும் சேர்ந்த அணி. இனி வரும் காலத்தில் பெரும்பாலான பட்டங்கள் இந்த வழியில்தான் வரும் என்பது என் கணிப்பு.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு ஃபைவ் ஸ்டாருக்கும் டூ ஸ்டாருக்கும் கல்லூரி கொடுத்தது ஒரே ஸ்காலர்ஷிப்தான். 85 இடம், யாரை வைத்து நிரப்பினாலும் செலவு ஒன்று. அப்போது உச்ச மதிப்பீட்டுப் பையன் கிடைத்தால் மறு யோசனை இல்லாமல் எடுக்கவேண்டியதுதான். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் உச்சவரம்பு, அதில் சிங்கப்பங்கு ஃபுட்பாலுக்கு. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதில், அணியில் மொத்தம் 105 பேர்தான் என்ற வரம்பு வந்துவிட்டது. ஆக, இப்போது "இவன் நல்லவனா" என்று மட்டும் கேட்டால் போதாது, "இந்த விலைக்கு நல்லவனா" என்று கேட்கவேண்டும். பணம் என் கையில் இருந்தால் ஹைஸ்கூல் ஃபைவ் ஸ்டாருக்கான தொகையைத் தற்காப்பு வரிசைக்கும் பந்து பிடிக்கிறவர்களுக்கும் கொடுப்பேன். குவார்ட்டர்பேக்கை போர்ட்டலில் தேடுவேன். தாக்குதல் வரிசைக்கு மூன்று நட்சத்திரப் பையன்களை நிறையச் சேர்த்து, நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் மூன்று வருடம் விட்டுவைப்பேன்.

உங்கள் அணி டிசம்பரில் புதுப் பையன்களிடம் கையெழுத்து வாங்கும்போது, மேலே இருக்கிற ஒரு பெயரைப் பார்த்துக் கொண்டாடவோ, அந்த ஒருவன் கைநழுவிப் போனதற்காக அழவோ வேண்டாம். கடைசி நாலு பேட்சையும் எடுத்து, நாலு, ஐந்து நட்சத்திரம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அப்புறம் ஜனவரியில் போர்ட்டல் மூடிய பிறகு, அவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள் என்று மறுபடி எண்ணுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணுக்கு ரொம்பக் கீழே இருந்தால், பையன்களைக் குறை சொல்வதற்கு முன்னால் பயிற்சியாளரை விசாரியுங்கள்.